முரட்டுக் கேப்டன்

'உன்கூடப் பேசினாலே எரிச்சலா இருக்கு' என்று தட்டிவிட்டு, கேப்டன் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது? காதலிக்கிற பொண்ணுகிட்ட பேசுற பேச்சா இது?"

"அவங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போகணும்."

பதில் உடனே வந்தது. 'இந்தக் கோபத்துக்குப் பின்னாடி எவ்வளவு வலி இருக்குன்னு எனக்குத் தெரியும்.'

"போச்சுடா!" என்றார் டாக்டர்.

கேப்டன் எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. டாக்டர் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்த நீளமான ஹாலில் இருந்த முப்பது பேரும் இந்த ரகம்தான். ஒரு விமானி, இரண்டு இன்ஜினியர்கள், மனைவியை இழந்த ஒரு தொழிலதிபர். டேட்டிங் ஆப்பில் யாருடைய முகத்தையோ மாட்டிக்கொண்டு, தனியாக இருக்கும் பெண்களிடம் நாள் முழுக்கக் காதல் பேசிப் பணம் கறப்பது வேலை. கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி வந்தவர்கள். பாஸ்போர்ட்டெல்லாம் சூப்பர்வைசரின் அலமாரியில் இருந்தது, சாவி அவர் இடுப்பில்.

இருபத்தாறு வயதுக் கேப்டனிடம் இந்தப் பெண் வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதலில் பெயர்கூடச் சொல்லவில்லை. ரோஜாப்பூ படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தான் படித்த காதல் நாவல்களைப் பற்றியே பேசினாள். கேப்டனும் சளைக்காமல் அளந்துவிட்டான்.

ஐந்தாம் நாள் தன் போட்டோவை அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டருக்குப் பின்னால், காதோரம் நரை எட்டிப் பார்க்க, கூச்சத்தோடு சிரிக்கும் முப்பத்தொன்பது வயது முகம். அன்றிலிருந்து கேப்டனுக்கு எழுத வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

"லவ்வாடா?" என்று டாக்டர் அன்றைக்கே கேட்டான். கேப்டன் போட்டோவைச் சட்டென்று மூடினான்.

உண்மையைச் சொல்ல வழியில்லை. எல்லோருடைய திரையும் சூப்பர்வைசரின் மேஜையில் தெரியும். போன மாதம் விமானி ஒரு பெண்ணிடம் 'பணம் அனுப்பாதே' என்று எழுதினான். மூன்று நாள் அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது. திரும்பி வந்தவன் இடது கையால்தான் தட்டுகிறான்.

அதனால்தான் கேப்டன் இந்த வழியைப் பிடித்தான். முறைத்துக்கொண்டால் சூப்பர்வைசர் அதைக் காதலர் சண்டை என்று விட்டுவிடுவார். அவளுக்கு மனம் விட்டுப்போனால் போதும்.

அவளுக்கு விட்டுப்போகவில்லை. அதட்டிப் பார்த்தான். 'நான் படிச்ச எல்லாக் கதையிலயும் பாதி வரைக்கும் ஹீரோ இப்படித்தான் இருப்பான்' என்றாள். இரண்டு நாள் பதில் போடாமல் கிடந்தான். காத்திருப்பது சுகமாக இருக்கிறதாம். கடைசியில், 'உனக்கு வயசாயிடுச்சு, கண்ணாடியில பாத்துக்க' என்று எழுதிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். திரும்பி வந்தபோது, 'மூஞ்சிக்கு நேரா உண்மை பேசுற ஆம்பளையை இப்பத்தான் பாக்குறேன்' என்று பதில் காத்திருந்தது.

"அவ மொத்தமா விழுந்துட்டா. விடு, உன் கையில இல்ல" என்றான் டாக்டர்.

"இல்லடா. அவங்க எந்தப் புத்தகம் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிப்பாங்க. முடிவு சோகம்னா தொடவே மாட்டாங்க. எப்படியாவது புரிய வெச்சுட்டா..."

"இதை எப்ப உன்கிட்ட சொன்னா? நானும் இங்கதானே உக்காந்திருக்கேன்?"

கேப்டன் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அப்போது சூப்பர்வைசர் வந்து நின்றார். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். "கோபமெல்லாம் போதும்ப்பா. கொஞ்சம் தள்ளு" என்று கேப்டனின் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

'உன்னை விலக்கி வைக்க எவ்வளவோ பார்த்தேன், முடியல. என் கப்பலைத் துறைமுகத்துல பிடிச்சு வெச்சிருக்காங்க. பணம் கட்டி வெளியே வந்துட்டா, அடுத்த மாசமே உன் வீட்டு வாசல்ல நிப்பேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?'

கேப்டன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. பிடுங்கினால் என்ன, இதே பேச்சைப் பக்கத்து மேஜையிலிருந்து தொடர்வார்கள்.

ஐந்து நிமிடம் திரை சும்மா இருந்தது. வேண்டாமென்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவன் உதடு அசைந்தது.

'நகையை வித்து சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுறேன். இத்தனை வருஷத்துல என்னை யாருமே இப்படிக் கேட்டதில்லைங்க.'

"அவ்வளவுதான் வேலை" என்று கேப்டனின் தோளைத் தட்டிவிட்டு, சூப்பர்வைசர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். கேப்டன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

திரையில் மறுபடியும் எழுத்து ஓடியது. 'எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும். நீங்க நாடு நாடா சுத்துறவரு.'

தொடர்ந்து ஒரு போட்டோ வந்தது. விமான நிலைய வாசலில், தோளில் பையோடு, வாயெல்லாம் பல்லாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் படத்தைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

'இவன் என் தம்பி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. வேலைக்குன்னு போனவன், நாலு மாசமா போனே இல்ல. எங்கயாவது கண்ணுல பட்டா, அக்கா கல்யாணத்துக்கு வந்துடுடான்னு சொல்லுங்க.'