கலையரசனின் கசப்புப் பொடி

"மூணு வருசமாச்சு பாய். ஒரு தடவகூட தப்பல."

வேங்கிக்கால் ஆட்டோ ஸ்டாண்டில், சாப்பாட்டுக் கூடையோடு ஆட்டோக்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஆதிலட்சுமியின் காதில் இது விழுந்தது. குரல் அவள் புருஷன் கலையரசனுடையது.

ரெண்டு பிள்ளைகள் போதும் என்று முடிவானபோது, "ஆபரேஷனா, எனக்கா? அப்புறம் வண்டி ஓட்ட தெம்பு வேணாமா?" என்றவன் அவன். ஆண்களுக்கான கருத்தடை மூலிகை என்று கிரிவலப் பாதையில் ஒரு சாமியாரிடம் பௌர்ணமிதோறும் பொட்டலம் வாங்கி வருவான். காலையில் அந்தப் பொடியைக் கரைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, அண்ணாமலையையே தூக்கி வைத்தவன்போல மூச்சு விடுவான்.

"கல்யாணமே ஆகாத சாமியாருக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஆகாததாலதான் தெளிவா இருக்காரு" என்றான்.

இப்போது பக்கத்து வண்டி ரபீக்கின் குரல் கேட்டது.

"எனக்கும் ஒண்ணு வாங்கியா கலை. ஜீனத்துக்கு இருதயம் வீக்கு. இன்னொரு பிரசவம் தாங்காதுன்னு டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. நானே ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருந்தேன். இது போதும்போல."

"தாராளமா போதும். நான்தான் சாட்சி. கசப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

ஆதிலட்சுமி கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அத வாங்காதீங்க."

கலையரசன் திரும்பினான். "ஏன், எனக்கு வேல செய்யல?"

"உங்களுக்கு சரி. அண்ணனுக்கு வேணாம்."

"நமக்கு கெடச்சத நாலு பேருக்கு குடுத்தா கொறஞ்சா போயிடும்? மனசு இவ்ளோ சின்னதா இருக்கக்கூடாது ஆதி."

ரபீக்கின் முகம் சுருங்கியது. "விடு கலை. தங்கச்சிக்கு இஷ்டமில்லன்னா வேணாம்."

ஆதிலட்சுமி தரையைப் பார்த்தாள்.

"சின்னவ பொறந்த கையோட ஆஸ்பத்திரியில காப்பர்-டி வெச்சுக்கிட்டேன். நீங்க ஆசையா குடிக்கிறீங்களேன்னு சொல்லல."

ரபீக் அவசரமாகத் தன் வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"வலிக்கலயா?" என்றான் கலையரசன்.

"மாசாமாசம் கொஞ்சம். பழகிடுச்சு."

கலையரசன் சாப்பாட்டைத் தொடவில்லை. ரபீக்கைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வண்டியை அரசு ஆஸ்பத்திரிக்கு விட்டான். ஆண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாடு எங்கே செய்கிறார்கள் என்று சத்தமாகவே விசாரித்து, வரிசையில் ரபீக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.