மூச்சுப் பை

பதினாறு மணி நேரமாக மதலைமுத்து மூச்சுக் கொடுக்கும் அந்த ரப்பர் பையை அமுக்கிக்கொண்டிருந்தான். அமுக்கும்போதெல்லாம் கட்டிலில் கிடந்த பிலவேந்திரனின் நெஞ்சு ஏறி இறங்கியது. மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிக்கும்போது கட்டுவிரியன் கடித்தவனை வண்டியில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் அவன்தான். பிலவேந்திரனின் மனைவி வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரல. அதான் இமையைத் தூக்க முடியல, மூச்சு இழுக்க முடியல. ஆனா மூளை முழிச்சிருக்குது. நாம பேசறதெல்லாம் கேக்கும்," என்றாள் நர்ஸ் ஜோசப்பின்.

"கேக்கட்டும். டேய், நீ பொழச்சிக்குவடா!"

"கை வலிக்கும், என்கிட்ட குடுங்க."

"வாணாம் சிஸ்டர்."

ஜோசப்பினுக்கு மனசு நெகிழ்ந்தது. ஊசி மருந்து பாதி, இந்தக் கை பாதி என்று நினைத்துக்கொண்டாள்.

சட்டென்று பிலவேந்திரனின் இமை துடித்தது. மெல்லக் கண் திறந்தவன், மதலைமுத்துவைப் பார்த்து முறைத்தான்.

"கூடப்பிறந்தவன்னா இப்படி இருக்கணும்!" என்றாள் ஜோசப்பின்.

மதலைமுத்து கை நிறுத்தாமல் சிரித்தான்.

"கூடப்பொறந்தவனா? இவன் மேல வரப்புக் கேசு போட்டவனே நான்தான் சிஸ்டர். திங்கக்கிழமை தீர்ப்பு. நான் ஜெயிக்கிறதை இவன் கண்ணால பாக்க வாணாமா?"