படம் வரையும் ரேடியோ

“கடல்ல போற படகுல வானிலைப் படம் பிடிப்பாகளே, அந்த ரேடியோ வேணும். விலை கம்மியா இருக்கணும்.”

கையெல்லாம் பட்டாசு மருந்து மின்ன, சிவகாசி ரேடியோக் கடையில் வந்து நின்று இருளாண்டி இப்படிக் கேட்டதும் கடைக்காரர் நிஜாமுக்குச் சிரிப்பு வந்தது.

“நம்ம பக்கம் கண்மாய்லயே தண்ணி இல்ல. படகுக்கு எங்க போவீக, அண்ணாச்சி?”

“தூத்துக்குடிப் படகு. இந்தச் சின்னது போதுமா?”

“அதுல பாட்டுதான் வரும். படத்துக்கு இந்தப் பெரிய செட்டுதான். ஒயரைப் போன்ல மாட்டுனா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு படமா வரைஞ்சிரும்.”

“தாயில்பட்டியில, எங்க வீட்டுல வச்சாலும் எடுக்குமா?”

“எடுக்கும். படகுலதான வைக்கப் போறீக?”

இருளாண்டி அந்தப் பெரிய செட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எட்டு நாளைக்கு முந்துன படம் வருமா?”

“அது எப்படி வரும்? வானிலை நிலையத்துல இருந்து அனுப்புற நேரத்துல பிடிச்சாத்தான் உண்டு. அடிச்சு முடிஞ்ச காத்தைப் பாத்து என்ன செய்யப் போறீக?”

இருளாண்டி செட்டை மெல்லக் கீழே வைத்தார்.

“மருந்து வேலை வேண்டாம், உசுரோட இருக்கட்டும்னு மகனை நாந்தான் படகுக்கு அனுப்புனேன். புயல் அடிச்சு எட்டு நாளாச்சு. படகு வரல. தேடப் போனவுகளும் திரும்பிட்டாக. காத்து எந்தப் பக்கம் தள்ளிட்டுப் போயிருக்கும்னு பாக்கலாம்னு வந்தேன்.”



இருளாண்டி செட்டை மறுபடி கையில் எடுத்தார்.

“பரவாயில்ல, இதையே குடுங்க. இன்னைக்கு அடிக்கிற காத்தாவது அவனைக் கரைப் பக்கம் தள்ளுதான்னு பாக்குறேன்.”