வேண்டாத கார்டு

"சொன்னாக் கேளுங்க சார். இந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம்."

கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்று ஃபேன் வைத்த அந்தப் பெரிய கிராபிக்ஸ் கார்டை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒற்றை ஃபேன் வைத்த சின்னதை முன்னால் நகர்த்தினார்.

அப்பாவின் புருவம் உயர்ந்தது. அதைப் பார்த்ததும் மகளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து, திருட்டு என்று பணம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது நிஜம்தானா என்று துருவிப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி சாயங்காலம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். யார் எதைப் புகழ்ந்தாலும் அதில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்பார். யார் எதை வேண்டாம் என்றாலும் அதில்தான் விஷயமே இருக்கிறது என்பார். வீட்டில் அவருக்குப் பட்டப்பெயர் எதிர்க்கட்சி.

எதிர்க்கட்சியை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்துவது அம்மாவுக்குக் கைவந்த கலை. வாஷிங் மிஷின் வேண்டுமென்றால், "கையால துவைச்சாத்தான் துணி பளிச்சுனு இருக்கும்" என்று ஆரம்பிப்பாள். கடைக்காரருக்கும் முன்கூட்டியே போன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் வந்தா இது வேண்டாம்னு சொல்லுங்க" என்பாள். அந்த வாரமே மிஷின் வந்து இறங்கும். இப்போது இருக்கும் வீட்டையே அப்படித்தான் வாங்க வைத்தாள்.

தாயைப் போல மகளும் நேற்றே இந்தக் கடைக்கு போன் செய்துவிட்டாள். "அண்ணே, அந்தப் பெரிய கார்டை எங்கப்பாகிட்ட வாய்க்கு வந்தபடி திட்டுங்க. சூடாகும்னு சொல்லுங்க, கரண்டைக் குடிக்கும்னு சொல்லுங்க. சின்னதைத் தலைல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுங்க" என்று பாடம் எடுத்திருந்தாள்.

அந்தக் கார்டு அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அடுத்த வாரம் கல்லூரிகளுக்கு இடையே கேம் போட்டி. அவளுடைய கம்ப்யூட்டரோ, எதிரி வந்து சுட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் அவன் வந்ததையே காட்டும். "கார்டை மாத்து, இல்லைன்னா உன்னை மாத்திடுவோம்" என்று டீமில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். சின்னக் கார்டைப் போட்டாலும் கதை அதுதான்.

"ஏன் வேண்டாம்கறீங்க?" அப்பா கேட்டார்.

"ரொம்பச் சூடாகும் சார். ரூமுக்குள்ள உக்கார முடியாது."

"மூணு ஃபேன் பின்ன எதுக்கு இருக்கு? வேடிக்கை பாக்கவா?"

"கரண்டைக் குடிச்சுத் தள்ளும் சார். உங்க பழைய பவர் சப்ளை தாங்காது."

"அப்ப நல்ல பவர் சப்ளையா ஒண்ணு சேர்த்துப் போடுங்க."

மகளால் நம்ப முடியவில்லை. பவர் சப்ளையும் மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கேட்கத்தான் தைரியம் வந்திருக்கவில்லை.

"எதுக்குப்பா இவ்வளவு பெருசு? சின்னதே போதும்" என்று தன் பங்குக்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் தெரியாது."

கடைக்காரர் சின்னக் கார்டை எடுத்துக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். "தங்கமான கார்டு சார். வர்றவங்கல்லாம் இதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

"அப்புறம் எப்படி இத்தனை பெட்டி அப்படியே அடுக்கி இருக்கு?" அப்பா அலமாரியைக் காட்டினார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, மறந்துபோன வசனம் ஞாபகம் வந்தவர்போல நிமிர்ந்தார். "இன்னொண்ணு சார். இது பன்னெண்டரை இன்ச் நீளம். உங்க வீட்டு சிபியூ பெட்டிக்குள்ள நுழையாது."

மகளுக்குப் பகீரென்றது. இது அவள் சொல்லிக்கொடுத்த பாடத்திலேயே இல்லை. நுழையுமா நுழையாதா என்று அவளும் பார்த்திருக்கவில்லை. கார்டின் மேல் இருந்த ஆசையில் பெட்டியை மறந்தே போயிருந்தாள்.

"நுழையும்" என்றார் அப்பா, அலட்டிக்கொள்ளாமல். "உள்ள பதினாலு இன்ச் இடம் இருக்கு. பெருசுக்கே பில்லைப் போடுங்க."

பில் வந்தது. "கடைக்காரங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பாத்துக்க" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுக்க வெளியே போனார் அப்பா. நடையில் தேர்தலில் ஜெயித்த மிடுக்கு இருந்தது.

கதவு மூடியதும் மகள் மேசைமேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "அசத்திட்டீங்கண்ணே. ஆனா அந்த நீளம் பத்திப் பேசினீங்களே, உசிரே போயிருச்சு. நான் அதைச் சொல்லச் சொல்லலையே?"

"நீ சொல்லலைம்மா" என்றார் கடைக்காரர், பெட்டியைப் பைக்குள் வைத்தபடி. "உங்கப்பா சொல்லச் சொன்னாரு."

"எங்கப்பாவா?"

"நீ போன் பண்றதுக்கு முந்தின நாளே வந்துட்டாரு. நீ டீம்ல யார்கிட்டயோ இந்தக் கார்டைப் பத்திப் போன்ல பேசினது காதுல விழுந்துச்சாம். நீ காலேஜ் போனதும் பெட்டியைத் திறந்து டேப் வச்சு அளந்தாராம். பெரிய கார்டையே எடுத்து வைக்கச் சொன்னாரு. 'என் பொண்ணு போன் பண்ணி இதைத் திட்டச் சொல்வா. நல்லாத் திட்டுங்க, அவளுக்கு ஒரு சந்தோஷம்'னாரு."

மகள் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். அங்கே அப்பா ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டு, அவள் உட்காரப்போகும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாரு, எனக்குத்தான் வாய் நிக்கலை" என்று கடைக்காரர் பையை நீட்டினார். "உங்கம்மாகிட்டயாவது சொல்லிராத. வாஷிங் மிஷின்லேருந்து வீடு வரைக்கும் தான்தான் ஜெயிச்சதா நினைச்சுட்டிருக்காங்களாம்."