இருபத்தைந்து கிலோவுக்கு மேல்

தலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

அவள் கைகள் நகரவில்லை.

மேஜைமேல் உட்கார்ந்திருந்தது ராட்வைலர் நாய். கழுத்து அவள் தொடையைவிடப் பருமன்.

பக்கத்து அறையில் அவளுடைய பொமரேனியன், மிட்டு, துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. உண்ணிக் காய்ச்சல். நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. காலையில் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது.

எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று டாக்டர் யூனிஸிடம் சொல்லியிருந்தாள்.

"செலவு இல்லைங்க பிரச்சினை. ரத்தம் வேணும். இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல, நல்லா இருக்கிற நாயா ஒண்ணு வேணும்."

டாக்டர், ரத்தம் கொடுக்கும் நாய்களைக் குறித்துவைத்த ஒரு நோட்டைப் புரட்டி யாருக்கோ போன் செய்தார்.

அரைமணி நேரத்தில் அந்த ராட்வைலரோடு வந்தவன் கார்வேந்தன்.

லேத் பட்டறைக்காரன். அவளுடைய அபார்ட்மெண்ட்தான், மூன்றாவது மாடி. அவன் நாயை அங்கிருந்து வெளியேற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்துக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. நாய் அதுவரை யாரையும் கடித்ததில்லை. ‘கடித்துவிட்டால்?’ என்று மனுவில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியதும் அவள்தான்.

மனுவின் நகலை அவனுக்கும் கொடுத்திருந்தார்கள்.

வாசலிலேயே நின்றுவிட்டான். அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் துண்டில் கிடந்ததைப் பார்த்தான்.

"மிட்டுவுக்குங்களா?"

அவனுக்குப் பெயர் தெரிந்திருந்தது. அவன் நாயின் பெயரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

தலையாட்டினாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அப்படியே திரும்பிப் போனாலும் அவளால் எதுவும் கேட்க முடியாது.

அவன் குனிந்தான். நாயை அணைத்துத் தூக்கி மேஜைமேல் வைத்தான்.

டாக்டர் இரண்டு ரத்தத்திலும் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கலந்து பார்த்தார். சேரும் என்றார். ஊசியைப் பிரித்ததும் கார்வேந்தன் இரண்டடி பின்னால் போனான்.

"ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துருங்க. எப்பவும் எங்க வீட்லதான் புடிச்சுக்குவா. இன்னைக்கு ஊருக்குப் போயிருக்கா."

வெளியே போய்க் கதவை ஒட்டி நின்றுகொண்டான்.

"இருன்னு ஒருதடவ சொல்லுங்க, போதும். இருந்துக்கும்."

உதவியாளர் மிட்டுவின் காலில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

அவள் மேஜையருகே போனாள். இரண்டு கைகளையும் அந்தத் தாடைக்கு அடியில் கொடுத்தாள்.

"இருங்க," என்றாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நாய் இருந்தது.

ஊசி கழுத்தில் இறங்கியபோது ஒருமுறை கண்ணைச் சுருக்கியது. அவ்வளவுதான். குழாய் சிவந்தது. கீழே தொங்கிய பை கொஞ்சம் கொஞ்சமாக உப்பத் தொடங்கியது.

பதினைந்து நிமிடம் ஆகும் என்றார் டாக்டர்.

இதுவரை கார் நிறுத்தும் இடத்தின் ஒரு கோடியிலிருந்துதான் அதைப் பார்த்திருக்கிறாள். இப்போது வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

கண்களுக்கு மேல் பழுப்பில் இரண்டு பொட்டுகள். ஒன்று கொஞ்சம் ஏறியிருந்தது. நாய் யோசிப்பதுபோல் இரண்டும் தனித்தனியாக அசைந்தன.

மூச்சு விடும்போது ஒரு மூக்குத்துளையில் மட்டும் மெல்லிய விசில்.

காதின் உட்புறத்தை விரலால் தொட்டாள். அவ்வளவு பெரிய உடம்பில் அப்படியொரு மெல்லிய தோல்.

நாய் மெல்ல மெல்லத் தலையை அவள் கைகளில் இறக்கியது. முழுவதும் இறக்கிய பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

பல்லைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அவளுக்கே வியப்பாக இருந்தது. கட்டைவிரலால் அதன் உதட்டோரத்தைத் தூக்கினாள். நாய் தடுக்கவில்லை.

ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது.

பல்லைப் பார்க்க மறந்துபோனாள்.

"பேரு என்னங்க?" கதவைப் பார்த்துக் கேட்டாள்.

"செவந்திங்க. கொண்டு வந்த அன்னைக்குப் பூக்கடையில செவந்திக் கூடையில ஏறிப் படுத்துக்கிச்சு."

பெண். மூன்று வருடமாக அதைக் கடுவன் என்று நினைத்துப் பயந்திருந்தாள்.

அதன் பிறகும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. என்ன சாப்பிடும்? இடிக்குப் பயப்படுமா? வீட்டில் எங்கே படுக்கும்? அவன் வெளியிலிருந்தே பதில் சொன்னான். இடிக்குக் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம்.

பை நிறைந்தது.

வெளியே வந்து நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவன் டப்பாவிலிருந்து வேகவைத்த ஈரலை எடுத்துச் செவந்திக்கு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"மிட்டு சாப்பிட்டுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா," என்றான்.

சாயங்காலம் மிட்டு தலையைத் தூக்கியது. ஒரு வாய் தயிர்சோற்றை நக்கியது. அவள் உடனே போன் செய்து சொன்னாள். மன்னிப்பும் கேட்க நினைத்திருந்தாள். அதற்குள் அவன் சந்தோஷத்தில் பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றாள். ஐந்தாவது மாடி சுகந்தாவும் பால் பாக்கெட்டோடு வந்து நின்றாள்.

எதிரே கார்வேந்தன் செவந்தியை நடத்திப் போய்க்கொண்டிருந்தான். அதன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முடி மழித்திருந்தது. நடுவில் பிளாஸ்திரி.

"பாத்தீங்களா?" சுகந்தா அவள் காதருகே வந்தாள். "எங்கயோ போய்ச் சண்டை போட்டுட்டு வந்திருக்குது. அதுக்கே இந்தக் கடின்னா, இது கடிச்ச நாய் உசுரோட இருக்குமா?"

லிஃப்ட் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

"அது சண்டை இல்லைங்க," என்றாள் அவள்.

சுகந்தா திரும்பிப் பார்த்தாள்.

கதவு மூடியது. ஐந்து மாடிதான். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தாள்.

பிறகு கையை நீட்டி எல்லா மாடிகளின் பொத்தான்களையும் அழுத்தினாள்.