ஆறு மெஷின்

"இன்னும் ஒரு முறுக்கு, ஹலீம் நானா. சுருதி தானா வந்து நிக்கும் பாருங்க."

'டக்' என்றது. வந்தது சுருதி அல்ல, சாவி. முறிந்து என் கையோடு வந்துவிட்டது.

ஹலீம் நானா கிட்டாரைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

"இது கையா செல்லப்பா, குறடா? எங்கட வாப்பா கல்யாணத்துக்கு முந்தி வாங்கின கிட்டார். இவ்வளவு காலம் மழைக்கும் தாங்கிச்சு, வெள்ளத்துக்கும் தாங்கிச்சு. ஒங்களுக்குத் தாங்கல்ல!"

கட்டுகஸ்தோட்டையில் அவருடைய ரேடியோ திருத்தும் கடைதான் எங்கள் இசைக்குழுவின் தலைமையகம். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வாசிப்பார், நான் பாடுவேன். நான் பாடுவதை மறைக்கும் அளவுக்கு அவர் பலமாக வாசிப்பார்.

தந்தியை முறுக்கும் அந்தச் சாவிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'மெஷின்'. ஆறு தந்திக்கு ஆறு மெஷின்.

"முறிச்சவர்தான் தேடிக் கொண்டு வரணும்" என்று தீர்ப்புச் சொன்னார் நானா. "பழைய ஆணி ஓட்டையிலயே இறங்கணும். புதுசா ஒரு துளை போட்டீங்களோ, எங்கட வாப்பா மவுத்தாப் போன இடத்திலருந்து எழும்பி வருவார்."

கண்டியில் ஒரு கடையில் இரண்டு செட் கிடைத்தன. எதை எடுப்பது என்று கேட்கப் போன் போட்டால், நானா எடுக்கவில்லை. கடைக்காரரிடம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு கலஹா பஸ்ஸில் ஏறினேன். பேராதனையில் இறங்கினால் என் அறை.

காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். பக்கத்தில் அழகையா.

அழகையா வேறு யாருமில்லை, சந்திரிகாவின் அப்பா. கலஹாவில் சில்லறைக் கடை வைத்திருக்கிறார். பெண் கேட்டு நான் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டேன். முதல் தடவை, "ஆடி போகட்டும்." இரண்டாம் தடவை, "தேர் முடியட்டும்." ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. சந்திரிகாவைக் கேட்டால், "கிட்டார்ங்கிற சொல்லக் கேட்டாலே அப்பாவுக்கு மொகம் சுருங்கிருது. அவருக்கு முன்னால அதப் பத்திப் பேசிறாதீங்க" என்பாள்.

பேசவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

அப்போது பார்த்து நானா அழைத்தார்.

"ஆமா நானா, ரெண்டு இருக்கு. ஒன்னு ஜப்பான், பழசு, ஆனா கல்லு மாதிரி இருக்கு. மத்தது சைனா, பளபளன்னு... இல்ல, ஒரு மெஷின் மட்டும் தர மாட்டாராம். ஆறையும் சேத்துத்தான் எடுக்கணும்... ஆமா, ஆறு மெஷின்! ஜப்பான் லேசாச் சுத்துது, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும்... சரி, நாளைக்கே எடுத்துர்றேன்."

போனை வைத்தேன். அழகையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, என்று நினைத்தேன்.

"யாருக்கு தம்பி மெஷின்?"

"எங்களுக்குத்தாங்க. நானும் கட்டுகஸ்தோட்டை ஹலீம் நானாவும் கூட்டா நடத்துறோம்."

"ஜப்பானே எடுங்க. சைனா சாமான் வேணாம், சும்மா சும்மா அறுத்துக்கிட்டே இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தந்தி அறுவது இவருக்கு எப்படித் தெரியும்?

"வேலை வருதா?"

"கல்யாண சீசன்ல மூச்சு விட நேரமிருக்காதுங்க."

"சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஒன்னும் சொல்றதில்லயா?"

"மொதல்ல ஏசினாங்க. இப்ப பழகிருச்சு."

"ஏசத்தான் செய்வாங்க" என்றார், என் தொடையில் தட்டி. "தொழில்னு எறங்கினா அதெல்லாம் பாக்க முடியுமா?"

தொழில் என்றார்! என் சொந்த அம்மாவே அப்படிச் சொன்னதில்லை. இந்த மனிதரையா கல்நெஞ்சன் என்று நினைத்தேன்? உள்ளுக்குள் இவரும் ஒரு கலைஞர்தான். சில்லறைக் கடைப் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு ரசிகர்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேராதனை வந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று கம்பியைப் பிடித்தேன். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது?

"ஐயா, நம்ம விஷயம்..."

"பாப்போம்னு சொல்லப் போறேன்னு நெனக்கிறீங்களா?" சிரித்தார். "பாத்தாச்சு தம்பி. சந்திரிகாவ ஒங்களுக்கே தாரோம். வீட்டுப் பெரியவங்களக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம வாங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கினேனா, மிதந்தேனா தெரியாது. இசைக்கு மயங்காத மனிதர் உண்டு என்று இனி யாராவது சொன்னால், கலஹாவைக் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே அழகையாவின் தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி! அந்த ஆறு மெஷினுக்கும் ஆளு தேடி அலையாதீங்க! தெல்தோட்டைப் பக்கம் நல்லாத் தைக்கத் தெரிஞ்ச பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, நானே கூட்டிக்கிட்டு வாரேன்!"