மிச்சமிருந்த ஓர் இடம்

117ஆம் எண் விண்ணப்பக் கோப்பை வேதியியல் மேடம் யார் கையிலும் கொடுக்கவில்லை. யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு சார் அதைப் பார்த்துவிட்டு கல்லூரி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டரை, மூன்று பேரும் இன்னும் சாப்பிடவில்லை.

வேதியியல் பட்டப்படிப்பில் ஒரே ஓர் இடம் பாக்கி. அதற்கு இரண்டு பெண்கள் போட்டி, 41ஆம் எண்ணும் 117ஆம் எண்ணும். பள்ளி மதிப்பெண்ணையும் பொதுத் திறன் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டினால் இருவருக்கும் ஒரே மொத்தம், அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. இடம் கிடைக்காதவளுக்கு ஒரு வருடம் வீண்.

பெயர்களை யாருக்கும் காட்டவில்லை. கோப்பில் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் காகிதம் ஒட்டி, பட்டியலை முதல்வர் தன் இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தார். இந்த வருடம்தான் இப்படி ஓர் ஏற்பாடு. அதற்கு முன்பெல்லாம், உடன் வேலை பார்ப்பவரின் பிள்ளை என்று காதில் விழுந்தால் போதும், எல்லாக் கைகளும் தானாக மேலே போய்விடும். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

41ஆம் கோப்பில் தங்க விளிம்பு போட்ட சான்றிதழ் ஒன்று இருந்தது. திறன் தேர்வில் முதல் நூறு பேருக்குள் வந்ததற்கான 'சிறப்புச் சாதனையாளர்' பட்டம். மொத்தம் சமம் என்றால் பட்டம் வாங்கியவளுக்குத்தான் இடம், இதில் பேச என்ன இருக்கிறது என்றார் கணக்கு சார். எல்லாரும் ஒரே கேள்வித்தாளை ஒரே மூன்று மணி நேரத்தில் எழுதுகிறார்கள், அதைவிட நியாயமான அளவுகோல் இருந்தால் காட்டுங்கள் என்றும் கேட்டார். மனிதர் பொல்லாதவர் அல்ல, எண்களை நம்புகிறவர்.

வேதியியல் மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆசிட். சும்மா வைக்கவில்லை.

"பரீட்சைய நான் குறை சொல்லல சார். அந்த மார்க்கத்தான் ஏற்கெனவே கூட்டிட்டோமே. அதே மார்க்குக்கு ஒரு பட்டத்தக் கட்டி மறுபடியும் கூட்டச் சொல்றீங்க. ஒரே ஆளு வரிசையில ரெண்டு தடவ நிக்கற மாதிரி இருக்கு."

பிறகுதான் மடியிலிருந்த கோப்பைப் பிரித்தார். அந்தப் பெண் தன் தெருக்குழாய்த் தண்ணீரை இருபது வாரம் பள்ளி ஆய்வகத்தில் சோதித்து எழுதிய நோட்டு அதில் இருந்தது. மூன்றாவது வாரம் வந்த அளவு தப்பு. அவள் அதை அழிக்கவில்லை. பக்கத்திலேயே 'குடுவையைச் சரியாகக் கழுவாதது என் தவறு' என்று எழுதிவிட்டு மறுபடி செய்திருந்தாள். இங்கே உட்கார்ந்திருக்கிற நாம் மூன்று பேரும் என்றைக்காவது தப்பை இப்படி எழுதிவைத்திருக்கிறோமா என்று மேடம் கேட்டார். முதல்வர் இருமினார்.

கணக்கு சார் விடுவதாக இல்லை. 41ஆம் கோப்பை மேடத்தின் முன்னால் தள்ளினார்.

"காலையில இருந்து இதத் தொறந்துகூடப் பாக்கல நீங்க."

"பாக்க வேண்டியதில்ல. அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அந்தத் திமிர்தான் சாரைக் கிளப்பிவிட்டது. இத்தனை பிடிவாதம் சும்மா வருமா, 117 மேடத்துக்கு வேண்டிய பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முதல்வரிடமே போட்டு உடைத்தார். பெயரை மறைத்து என்ன பிரயோசனம், தெரிந்தவர்களுக்குக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியாதா என்று ஒரு கொக்கியும் போட்டார்.

மேடத்தின் முகம் சிவந்துபோனது. ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, விறுவிறுவென்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு முதல்வர் முன்னால் வைத்தார். இருபத்திரண்டு வருட வேலை அந்த நாலு வரியில் இருந்தது.

"எனக்கு வேண்டியவங்க யாருக்காவது இந்த எடம் கெடச்சா, இத என் ராஜினாமாவா எடுத்துக்குங்க."

முதல்வர் அந்தத் தாளைத் தொடவில்லை. நோட்டை வாங்கி மூன்றாவது வாரத்தை இன்னொரு முறை படித்தார். பட்டத்துக்கென்று தனி மதிப்பு கிடையாது, இடம் 117க்கு என்று எழுதி முத்திரை வைத்தார். கணக்கு சார் தன் மறுப்பையும் பதிவு செய்யச் சொன்னார், அதுவும் பதிவானது.

அதற்குப் பிறகுதான் இழுப்பறை திறந்தது. முதல்வர் பட்டியலில் விரலை ஓட்டி 117ஐக் கண்டுபிடித்தார். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், அம்மா தையல் வேலை, எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் வீடு. மேடத்துக்கும் அவர்களுக்கும் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கணக்கு சாருக்குத் தலை குனிந்துவிட்டது. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். மேடம் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். ஜெயித்த பிறகு இவர் ஏன் அழப்போகிறவர் மாதிரி இருக்கிறார் என்று சாருக்குப் புரியவில்லை.

முதல்வருக்குப் பசி தாங்கவில்லை. 41ஆம் எண்ணுக்கு வருத்தக் கடிதம் ஒன்று அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லி, முகவரிக்காகப் பட்டியலை மறுபடி புரட்டப் போனார். மேடம் கையை நீட்டித் தடுத்தார்.

"தபால்ல வேணாம் சார். வீட்டுக்குப் போனதும் என் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன்."